வாயிலில் நிற்பவரின் கடன்

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஒரு செய்தி தமிழ்நாட்டுத் தொழிலுலகத்தைத் தலைகுனிய வைத்தது. ஐபோன் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு, வாட்ஸ்அப் விளம்பரத்தை நம்பி இன்டர்வியூவுக்குப் போனார்கள் சகோதரிகள் இருவர். கேட்டில் இருந்த செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்வி: கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். இது நடந்தது 2023 மார்ச்சில். விளம்பரத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. மணமான பெண்களை எடுக்க வேண்டாம் என்பது ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளுக்கு வாய்மொழியாகவே சொல்லப்பட்டிருந்தது என்றது அந்தச் செய்தி. 2022இல் சில தவறுகள் நடந்தன, அவற்றைத் திருத்திவிட்டோம் என்றது நிறுவனம். வேலைக்கு எடுப்பதில் பெண்ணுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

சட்டம் தன் வழியில் போகட்டும். அறத்தின் பக்கம் இதில் தயங்க ஒன்றுமில்லை. ஆள் எடுப்பவர் வேலை தேடி வருபவருக்கு முதலில் பட்டிருக்கும் கடன் உண்மை. கேண்டிடேட்டுடன் ‘நல்லுறவு’ வளர்ப்பது பற்றி ஹெச்.ஆர். கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள். புன்னகை, பிறந்தநாள் வாழ்த்து, பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் வருகின்றன. நிபந்தனையை ஒளித்துவைத்துவிட்டுச் செய்யும் உபசாரம் தூண்டில் புழுதான்.

ஸ்ரீபெரும்புதூர் வடசென்னைக்குத் தூரம், இந்தக் கேள்வி தூரமில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளுக்குள் கான்ட்ராக்டர் வழியாக நுழைபவர்கள் ஏராளம். ஐ.டி.ஐ. முடித்த பையன் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு, “போன் பண்றோம்” என்ற சொல்லோடு வீடு திரும்புகிறான். போன் வருவதில்லை. மதிப்பெண் போதவில்லையா, முகவரி பிடிக்கவில்லையா, உள்ளூர்க்காரன் சங்கம் சேர்ந்துவிடுவான் என்ற பயமா? யாரும் சொல்வதில்லை.

நெருக்கம் இருந்தால் போதும் என்பவர்கள் பழைய துறைமுகத்தை நினைக்க வேண்டும். அங்கே அன்றாடம் ஆள் எடுத்தவர் மேஸ்திரி. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் கூட்டிப்போன கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில நேரம் சொந்தக்காரரும்கூட. நல்லது கெட்டதுக்கு முன்பணம் தந்தார். அந்த முன்பணமே தொழிலாளியைக் கட்டிப்போட்டது. உறவு மெய், சொன்ன கூலி பொய். 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம் பெயர்ப் பதிவுக்கும் முறைவைத்து வேலை தருவதற்கும் வழி செய்தது. பதிவேடு யாரையும் நலம் விசாரிக்காது. ஆனாலும் மேஸ்திரியின் தயவை எதிர்பார்த்து நின்றவருக்கு அது கொடுத்த மரியாதை பெரிது.

தமிழ் மரபு இந்த வாசலைப் பலமுறை பார்த்திருக்கிறது. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்தே பாடினார்: கல்வி உள்ளவருக்கு எத்திசை போனாலும் சோறு உண்டு என்று (புறம் 206). அதே அதியமான் நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதை ஏற்கவில்லை. தினையளவே ஆனாலும் தகுதியறிந்து தருவதே இனிது என்றார் (புறம் 208). பரிசிலுக்கே ஆளைப் பார்க்க வேண்டுமென்றால், வேலைக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்! கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றபோது, காவலன் உள்ளே போய்ச் செய்தி சொன்னான், அவளை அழைத்தும் போனான். ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பழி அரசனுக்கு உண்டு, அந்த வாயிலோனுக்கு இல்லை. ஆலை கேட்டில் இருந்தவரோ வந்தவரின் சொல்லை உள்ளே கொண்டுபோகவே இல்லை.

வள்ளுவர் ஆளைத் தேர்வதற்கென்றே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்றார். தாலி உரைகல் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஏஜென்சிக்குப் பணம் தருவது முதலாளி, மாத டார்கெட் உண்டு, வந்து குவியும் பயோடேட்டா எல்லாவற்றுக்கும் விரிவாகப் பதில் எழுத முடியாது என்பார்கள். உண்மைதான். ‘இல்லை’ என்று ஒரு வரி எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட முடியாதா? 2024 நவம்பரில், வயது, பாலினம், மணநிலை ஆகிய நிபந்தனைகளை விளம்பரங்களிலிருந்து எடுத்துவிடும்படி ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் சொன்னதாக ராய்ட்டர்ஸ் மீண்டும் எழுதியது. நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து எடுக்கச் சொன்னதாம். அப்படியானால் நாளை வாசலில் திருப்பப்படுபவர் யார்மேல் புகார் கொடுப்பார்?

கடல்வேலையில் மட்டும் விதி தெளிவாக இருக்கிறது. 2015இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, கப்பலில் வேலை வாங்கித்தருபவர் மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று போன்ற சிலவற்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இல்லாமல் ஆள் எடுக்கவும் கூடாது. ராயபுரத்திலும் மண்ணடியிலும் போர்டு மாட்டியிருப்பவர்கள் அந்த உரிம எண்ணைப் போர்டிலேயே எழுதட்டும். எழுதாதவரிடம் எந்தத் தாயும் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுக்க வேண்டாம்.