பால் முற்றும் முன்

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய்க்காக, பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்கும் என்.எல்.சி.யின் பொக்லைன்கள் நெல் நின்ற வயல்களில் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். அது உழவரின் இழப்புக்கான கணக்கு. பயிருக்கே இழைக்கப்பட்ட தீங்கு என்று தனியாக ஒன்று உண்டா? 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கிய வடலூர் அருகிலேயே இருக்கிறது. பயிருக்கும் உயிருண்டு என்று ஒப்பியவர் அவர். ஆனாலும் வித்தையும் கனியையும் கொள்வது நகமும் மயிரும் களைவது போன்றதே, கொலையாகாது என்றார். இந்த வேறுபாடு வசதிக்காகச் சொன்னதல்ல என்பதற்கு நெல்மணியே சாட்சி.

மணியில் நிறையும் மாவுச்சத்து தாய்ச்செடியின் உடலும் அன்று, முளைக்கருவின் உடலும் அன்று. மகரந்தம் கொணரும் இரு ஆணணுக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று தாயின் இரு உட்கருக்களோடு கூடி, மாவு நிறையும் முளைசூழ்தசையாகிறது. தாய்க்கு இரண்டு பங்கு, தந்தைக்கு ஒன்று. கருவுக்கு உடன்பிறப்பான அதற்குச் சந்ததி கிடையாது. ஊட்டுவதே அதன் வாழ்வு. இலையில் விளைந்த சர்க்கரை அங்கே வந்து சேர, ஆறாம் குரோமோசோமிலுள்ள வாக்ஸி மரபணு அமைலோஸ் என்னும் மாவுக்கூறைக் கட்ட வழிசெய்ய, பால் மாவாக இறுகுகிறது. இந்தப் பருவத்தைத்தான் உழவர் பால் பிடித்தல் என்கிறார்கள். மணி முற்றும்போது மாவு நிறைந்த செல்கள் தாமாகவே இறந்துவிடுகின்றன. உயிரோடு எஞ்சுபவை கருவும் மேலடுக்குச் செல்களும்தான். ஆகவே சோறாக நாம் உண்பது ஏற்கெனவே உயிர் நீங்கிய சேமிப்பு. அரைக்கும்போது கருவும் தவிட்டோடு போகிறதே என்றால், போகிறதுதான். விதைநெல் எடுத்து வைப்பவர் அந்தக் கடனை அடைக்கிறார். முற்றாத பயிரை நசுக்கும்போது முளைசூழ்தசையின் கொடை முடியவுமில்லை, கடன் அடையவுமில்லை.

நரம்பில்லாத செடிக்கு வலி ஏது என்பார்கள். வலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தீங்கெல்லாம் வலி மட்டும்தானா? நாம் நட்டது, நம் உடைமை என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் அதே மரபணு அதைத் திருப்பிப் போடுகிறது. வாக்ஸியில் ஓரெழுத்து மாறியதால் அமைலோஸ் குறைந்து சோறு குழையும் வகைகள் வந்தன. வாய்ச்சுவைக்காகத் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பொறுக்கிப் பெருக்கியது மனிதக் கை. முற்றிய மணி உதிராமல் அரிவாளுக்குக் காத்திருப்பதும் அப்படி வந்த குணமே. ஓர் உயிரை நம்மை நம்பி வாழும்படி மாற்றியவர்களுக்கு உரிமையைவிடக் கடமையே கூடுகிறது. மின்சாரம் வேண்டாமா என்றால், வேண்டும். நிலம் யாருடையது என்ற வழக்கும் தீரட்டும். அந்த வழக்கில் நெல் ஒரு கட்சியல்ல. அறுப்பு வரை அதை நிற்க விட்டிருக்கலாம்.