கொடையா, கடனா?

ஆண்டுதோறும் சூன் மாதம் நெருங்குகையில் பங்குத்தந்தையரின் மேசைமேல் கல்லூரி விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். ஒப்பமும் முத்திரையும் வேண்டி வருவோர் பலர். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோர் அவரினும் பலர். சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சியில் அவ்வாறு நம்மிடம் வந்த ஒருவர் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். அண்டைத் தெருவில் குழித்தறியில் பட்டு நெய்பவர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த மகனைச் சென்னையில் துறவியர் நடத்தும் கல்லூரியொன்றில் சேர்க்க வேண்டும், விடுதியிலும் இடம் வேண்டும் என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட பின்னும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கோர்வைக்கு ஆள் இல்லாமப் போகுது, சாமி. அதுகூடப் பரவாயில்ல. படிச்சு முடிச்சப்புறம் எங்கள மறந்துடுவானோன்னுதான்..." என்று இழுத்தார்.

கோர்வை என்பதைச் சற்று விளக்க வேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாய் ஒளிரும் காஞ்சிப் பட்டில் அவ்விரண்டையும் பின்னர்த் தைத்து இணைப்பதில்லை. தறியிலேயே ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்கிறார்கள். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெசவாளருக்கு அருகே இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைச் செலுத்த வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. பிள்ளை விடுதிக்குப் போய்விட்டால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். அல்லது கோர்வையில்லாத எளிய சேலைக்கு மாறிக் குறைந்த கூலியை ஏற்க வேண்டும். ஆகவே நெசவாளர் வீட்டில் கல்லூரிச் செலவு கட்டண ரசீதோடு முடிவதில்லை.

பணத்துக்கு இன்று ஓரளவு வழி பிறந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தின் வழியாகவும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் வழியாகவும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழி செய்யப்பட்டது. வங்கிகள் கல்விக் கடனும் தருகின்றன. ஆனால் அந்த நெசவாளரின் கலக்கம் பணத்தைப் பற்றியதன்று. பெற்றோர் பிள்ளைக்குத் தருவது கொடையா, கடனா என்னும் பழைய கேள்வியே அவர் நெஞ்சில் வேறு சொற்களில் எழுந்திருந்தது.

வங்கிக் கடனுக்குத் தவணை உண்டு. தீரும் நாளும் உண்டு. "உனக்காகத்தானே நகையை அடகு வைத்தேன்" என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் நினைவூட்டப்படும் கடனுக்கு அவை இல்லை. கடன்பட்டவன் கடன் கொடுத்தவரின் தெருவில் நடக்க அஞ்சுவான். முதற் பருவத்தில் தோற்ற பிள்ளை அதை வீட்டில் மறைப்பதும், விடுமுறைக்கும் வராமல் சாக்குச் சொல்வதும் பல வேளைகளில் இந்த அச்சத்தால்தான். மறந்துவிடுவானோ என்று அஞ்சி நாம் எடுத்துக் காட்டும் கணக்கேடே அவனை வீட்டிலிருந்து விரட்டுகிறது. இதில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். பெற்றோர் படும் பாட்டை நினைத்துப் படியுங்கள் என்று எத்தனையோ மறையுரைகளில் முழங்கியிருக்கிறோம்.

அப்படியானால் பிள்ளைக்குக் கடமையே இல்லையா? தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை இருக்கிறது. ஆயினும் அது பிள்ளைக்கு இடப்பட்ட கட்டளை. பெற்றோர் கையில் தரப்பட்ட கடன் பத்திரம் அன்று. கூடாரத் தொழில் செய்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்ட பவுலடியார், பெற்றோர்தாம் பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். நன்றி தானாகச் சுரக்க வேண்டும். கேட்டு வாங்கினால் அது வசூலாகிவிடும்.

பிள்ளையைத் தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோருள் நாம் மிகுதியாக அறிந்தவர்கள் புனித அகுஸ்தினாரின் தாயும் தந்தையுமே. தந்தை பத்ரீசியுஸ் வட ஆப்பிரிக்காவில் தகஸ்தே என்னும் சிற்றூரில் வசதி குறைந்தவர். மகனைக் கார்த்தேஜுக்கு அனுப்பப் பணம் திரளும் வரை அவன் ஓராண்டு வீட்டில் வீணே சுற்றினான். வசதிக்கு மீறிச் செலவிடும் தந்தையை ஊர் மெச்சியது. மகனின் உள்ளம் எத்திசையில் போகிறது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்று பின்னாளில் மகனே எழுதினார். பத்ரீசியுஸ் விரைவில் இறந்துவிட, படிப்புச் செலவை மோனிக்கா அம்மையார் தாங்கினார்.

கார்த்தேஜில் மகன் மானி என்பவரின் சமயத்தைத் தழுவினான். அம்மையார் செய்தது என்ன? தம் வீட்டில் தங்கவும் தம் மேசையில் உண்ணவும் அவனுக்கு இடமில்லை என்றார். மோனிக்காவைக் கண்ணீரின் தாயாக மட்டுமே காட்டும் நம் மறையுரைகள் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடும். பிறகு ஒரு கனவு கண்டு ஆறுதல் பெற்று, அவனைத் திரும்பவும் மேசைக்கு அழைத்துக்கொண்டார். அப்போது அவன் சிறிதும் மாறியிருக்கவில்லை. மகனோடு வாதிடுமாறு ஓர் ஆயரை மன்றாடினார். இளமையில் அதே சமயத்தில் வளர்ந்தவராகிய அந்த ஆயர் மறுத்துவிட்டார். படிக்கப் படிக்க அவனே உணர்வான், நீ செபித்துக்கொண்டிரு என்னும் கருத்தில் பதிலளித்தார். 383இல் மகன் தாயை ஏமாற்றி இரவோடிரவாக ரோமுக்குக் கப்பல் ஏறினான். 387இல்தான் மிலானில் திருமுழுக்குப் பெற்றான். இத்தனை ஆண்டுகளும் மேசையில் அவனுக்கு இடம் இருந்தது.

பிள்ளை மாறித் திரும்புவது காஞ்சிக்கும் புதிதன்று. இங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்விக் கூடத்திற்கு 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் மறை கற்க வந்ததைக் கருநாடகத்துத் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு கூறுகிறது. உடன் வந்தவர் ஆசான் வீரசர்மன். அவரே பாட்டனார் என்று குட்நாபூர்க் கல்வெட்டால் அறிகிறோம். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலில் மனம் கொதித்த அவ்விளைஞன், வேள்விக்குரிய கையில் வாளேந்திக் கடம்பர் அரசை நிறுவினான். பேரன் மறை வல்லவனாவான் என்று நெடுந்தொலைவு அழைத்து வந்த முதியவர் அச்செய்தியை எவ்வாறு ஏற்றார் என்று கல்வெட்டுச் சொல்லவில்லை. பெற்றோரின் உள்ளத்தைக் கல்லில் யார் வெட்டுகிறார்கள்? கோவிலில் பன்னிரண்டு வயது மகன் தந்த பதில் மரியாவுக்கும் விளங்கவில்லை என்றே லூக்கா எழுதுகிறார். விளங்காததை அவர் உள்ளத்தில் இருத்தி வைத்துக்கொண்டார்.

அன்று அந்த நெசவாளரிடம் இவற்றையெல்லாம் நாம் சொல்லவில்லை. "போய் வரட்டும்" என்று மட்டும் சொன்னோம். ஆகஸ்டு மாதத்தில் தெருவில் எதிர்ப்பட்டவர் தாமே பேசினார். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் எதுவும் புரியவில்லை, திரும்பி வந்து தறியில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று பையன் தொலைபேசியில் அழுதானாம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

"ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போன்னு சொன்னேன், சாமி."

வந்தானாம். தாய் குழம்பு வைத்தாராம். பாடத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லையாம். பிற்பகலில் அவனாகவே தறியருகே அமர்ந்து ஒரு மணி நேரம் கரை நாடாவைத் தள்ளிவிட்டு, திங்கள் விடியற்காலை முதல் பேருந்தில் விடுதிக்குத் திரும்பினானாம். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதைச் சொல்லும்போதும் அவர் முகம் வாடவில்லை.