ஒடுக்கு எடுப்பதும் ஒளித்து வைப்பதும்

காரில் விழுந்த ஒடுக்கை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தட்டி, பட்டி பூசித் தேய்த்து, மேலே பெயிண்ட் அடிப்பது. இன்னொன்று, பெயிண்டையே தொடாமல் தகட்டை மட்டும் நேராக்குவது. வளைந்த கம்பியை உள்பக்கமாக விட்டு, தகட்டில் விழுகிற விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சங் கொஞ்சமாக நெம்புவார்கள். கம்பி போகாத இடத்தில் வெளியே பசை ஒட்டி இழுப்பார்கள். பெயிண்ட் வெடித்திருந்தாலோ, தகடு கூர்மையாக மடிந்திருந்தாலோ இது பலிக்காது.

பெயிண்டை ஏன் காப்பாற்ற வேண்டும்? நம்ம மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறார்கள். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் பல பூச்சு பூசி, சூட்டு அடுப்பில் இறுக்குகிறார்கள். அந்த உறுதியை ரோட்டோர ஷெட்டில் கொண்டுவருவது லேசு இல்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். தடயமே தெரியாமல் ஒடுக்கு எடுத்த காரை விற்கும்போது, வாங்குகிறவரிடம் அதைச் சொல்லணுமா? சரியாகிப்போனதை ஏன் சொல்லணும் என்பார்கள் சிலர். கவனியுங்கள்! பட்டி கனமாகப் பூசின இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது. அதை மறைத்து விற்பது ஏமாற்று. நேராக்கின தகடோ மெய்யாகவே நேர்தான். ஆனாலும் அடி விழுந்தது என்பதும் மெய்தானே? அந்த அடி உள்ளே எதையாவது தொட்டதா என்று பார்த்துக்கொள்வது வாங்குகிறவர் உரிமை. ஆகவே கேட்குமுன்னே சொல்லிவிடுங்கள். கடன் வாங்கி டாக்ஸி ஓட்ட வருகிறவர் நம்ம வார்த்தையை நம்பித்தான் பணத்தை எண்ணுகிறார். தகட்டை நேராக்கின பிறகு நாக்கு வளையலாமா?