இடைகழியும் தாய்மடியும்

தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூர் மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழியில் நிகழ்ந்தது அடியார்கள் நன்கறிந்ததே. மழையிரவில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வரவே இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வாரும் வர, மூவரும் நின்றனர். நான்காமவனாக எம்பெருமான் புகுந்து நெருக்கினான். தேகளீசன் என்னும் திருநாமமும் இவ்விடைகழியால் வந்ததே.

நடைபயிலும் பிள்ளையும் கைக்குழந்தையும் உள்ள இல்லத்தில் தாயின் மடியே இடைகழி. நேற்றுவரை அதிற் படுத்திருந்த மூத்த பிள்ளை இன்று ஓரத்தில் அமரவேண்டும்; இளையது பாலுண்ணும்போது எழுந்து நிற்கவும் வேண்டும். அது தொட்டிலை வேகமாக ஆட்டும். தனக்கும் சங்கில் பால் புகட்டுமாறு அழும். “நீ பெரிய பிள்ளை ஆயிற்றே, விட்டுக்கொடு” என்பர் வீட்டார்.

இஃது அறமாகுமா? பொய்கையார் மனமுவந்து எழுந்தார். அவரை எவரும் பணிக்கவில்லை. தன்னுடையது என்ற உறுதி உள்ளவர்க்கே விட்டுக்கொடுத்தல் இயலும். இங்கு உலகளந்து நிற்கும் பெருமானும் மூவுலகும் உடைய மாவலியிடமன்றோ மூவடி இரந்தான்! மடி இனித் தனக்கு உண்டோ என்று மருளும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் ஈகையை எதிர்பார்ப்பது, வெறுங்கையனிடம் தானம் கேட்பதாகும்.

ஆகவே, முதலில் எழவேண்டியவர் பெரியவர்களே. பால் குடித்த குழந்தையைத் தந்தை தோளிற் சார்த்தி முற்றத்தில் உலவலாம். (அலுவல் முடியட்டும் என்பார், அலுவல் என்று முடிந்தது?) உலையைப் பாட்டி பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கால்நாழிகை, மடி முழுவதும் மூத்த பிள்ளைக்கே உரியது.

அவ்வாறு நிறைந்த பிள்ளை, ஒருநாள் தானே சற்று நகர்ந்து, இளையதன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வதைப் பல இல்லங்களிற் காணலாம்.