மூக்கைத் தாழ்த்து



செஸ்னா 152 என்பது இருவர் மட்டும் அமரும் சிறிய பயிற்சி விமானம். 1977 தொடக்கம் 1985 வரை செய்யப்பட்ட இந்த விமானத்தில் விமானம் ஓட்டப் பழகியவர்கள் பல நாடுகளிலும் உள்ளனர். மாணவன் 3000 அடி உயரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் இயந்திரத்தின் விசையைக் குறைத்துவிடுவார். "இயந்திரம் நின்றுவிட்டது. இனி என்ன செய்வாய்?" என்று கேட்பார்.

அவ்வேளை மாணவனின் கை என்ன செய்யத் துடிக்கும்? நிலத்துக்குப் பயந்து, பிடியைத் தன் பக்கம் இழுத்து, விமானத்தின் மூக்கை உயர்த்தத் துடிக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்று. மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் காற்றின் தாங்குதல் அறுந்து, விமானம் கல்லைப்போல் விழும்.

ஆகவே முதற் பாடம்: மூக்கைத் தாழ்த்து. மணிக்கு ஏறக்குறைய 111 கிலோமீற்றர் வேகத்தைக் காத்துக்கொள். அப்படிச் செய்தால், இயந்திரம் நின்ற விமானமும் 3000 அடியிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம் மிதந்து செல்லும். நான்கு நிமிடங்களுக்கு மேல் கிடைக்கும். அதற்குள் இறங்க ஒரு வயலைத் தெரிந்துகொள்ளலாம். எரிபொருள் வழி திறந்திருக்கிறதா, காபரேற்றரில் பனி உறைந்துவிட்டதா என்று பார்க்கலாம். வானொலியில் உதவி கேட்கலாம்.

வாசகரே, வீடுகளிலும் இயந்திரம் நிற்பதுண்டு. உழைத்தவர் கண்மூடிவிடுகிறார். வேலை போய்விடுகிறது. வைத்தியர் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அப்போது நம் கையும் மூக்கை உயர்த்தவே துடிக்கிறது. "ஊர் என்ன சொல்லும்?" என்று, முன்போலவே கலியாணம், முன்போலவே கொண்டாட்டம். நகை அடைவுக்குப் போகிறது. வட்டிக்குக் கடன் வருகிறது. யாருக்கும் சொல்வதில்லை. வெளியே பார்ப்பவருக்கு வீடு உயரத்தில் இருப்பதுபோல் தெரியும். உள்ளே வேகம் செத்துக்கொண்டிருக்கும்.

பேதுரு கடலிலே வளர்ந்த மீனவர். ஆனாலும் தண்ணீரில் தாழ்ந்தபோது, படகிலிருந்த தோழர்கள் பார்க்கிறார்களே என்று கூசவில்லை. ஆண்டவரைக் கூவி அழைத்தார். உடனே கை நீண்டது. தாழ்ச்சி தோல்வியல்ல, தாங்கப்படுவதற்கு அதுவே வழி.

இன்னொரு பாடமும் உண்டு. தரையை விட்டெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றால், புறப்பட்ட ஓடுபாதை முதுகுக்குப் பின்னால் கிட்டவே இருக்கும். திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். உயரம் போதாமல் அப்படித் திரும்ப முயன்று மாண்டவர்கள் பலர். முன்னால் கிடைக்கும் நிலத்திலே இறங்கு என்பதே விமானிகளின் விதி. நேற்றைய வாழ்வுக்குத் திரும்பப் போராடி இன்றையதையும் இழப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். கண்முன் கிடப்பது கரடுமுரடான வயல்தான். ஆயினும் இறங்கக்கூடிய இடம் அதுதான்.

இந்தப் பழக்கம் ஆபத்து நாளில் திடீரென வராது. அதனால்தான் ஆசிரியர் திரும்பத் திரும்ப விசையைக் குறைக்கிறார். நமக்குத் தபசுகாலம் வருவதும் இதற்காகவே. நல்ல நாட்களில் ஒரு வேளை உணவையும் ஓர் ஆசையையும் மனதார விடப் பழகிய கைக்கு, கெட்ட நாளில் தாழ்த்தத் தெரியும். ஒவ்வோர் இரவும் ஆத்தும சோதனை செய்பவருக்கு, தன் குறையை ஒப்புக்கொள்ளும் வார்த்தை நாவில் தடுமாறாது.

முடிவாக ஒன்று. இப்படி இறங்கும்போது விமானி காப்பாற்ற நினைப்பது விமானத்தை அல்ல, அதில் இருப்பவர்களை. சக்கரம் ஒடியலாம், இறக்கை நசுங்கலாம். உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தால் அது நல்ல இறக்கமே. உங்கள் வீட்டிலும் கௌரவம் கொஞ்சம் நசுங்கட்டும். பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள். இன்றிரவு விளக்கணைக்குமுன், இதுவரை மறைத்து வைத்த கடனையோ கவலையையோ துணையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்பு இருவரும் சேர்ந்து செபியுங்கள்.