மூச்சு வாங்குகிறதா? வாங்கட்டும்!

வயதாகிவிட்டது, நேரமில்லை, துணையில்லை என்று அடுக்குகிறாயே, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மடித்துவை நண்பா. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் மால்ஹாம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். விடுமுறை நாட்களில் நடைக் குழுக்கள் அங்கே வந்து இறங்கும். அலுவலக எழுத்தர், செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மலையேற்ற வீரர் என்று எவரும் இல்லை. மழைச்சட்டை, ஃபிளாஸ்க்கில் தேநீர், இரண்டு சாண்ட்விச். அவ்வளவுதான் ஆயுதம்!

முதல் சோதனை கார்டேல் ஸ்கார். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே அருவி. அருவியை ஒட்டிக் கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். நீர் பெருகியிருந்தால் விவரமுள்ள வழிகாட்டி குழுவைத் திருப்பி வேறு பாதையில் நடத்துவார். சுற்றிப் போவதைத் தோல்வி என்று உனக்கு எவன் சொன்னான்? வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவனுக்குச் சுற்றுவழியும் கிடையாது. வரிசையின் கடைசியில் வருபவருக்குப் பின்னாலும் குழு ஒரு ஆளை நிறுத்தியிருக்கும். மெதுவாக நடப்பவரை அங்கே யாரும் கைவிடுவதில்லை. நீயேன் உன்னைக் கைவிடுகிறாய்?

மேலே மால்ஹாம் ஏரி. அதிலிருந்து புறப்படும் ஓடை சற்றுத் தொலைவிலேயே மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. ஒழிந்ததா? இல்லை! சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உள்ளேயே வழி கண்டு, ஊருக்குத் தெற்கே ஊற்றாகப் பொங்குகிறது. ஒரு காலத்தில் பனியாறு உருகிய வெள்ளம் பாய்ந்த மால்ஹாம் கோவ் என்னும் 80 மீட்டர் செங்குத்துப் பாறை இன்று வறண்டு நிற்கிறது. ஆனால் 2015 டிசம்பர் புயல்மழையில், உயிரோடிருக்கும் எவருமே பார்த்திராத அருவி அங்கே மறுபடி விழுந்தது.

ஏரிக்கும் அந்தப் பாறைக்கும் இடையே நீ நடக்கும் பாதைக்கும் ஒரு கதை உண்டு. எனக்கு அருவியைவிட அதுதான் பெரிது. அன்று ஆங்கிலேய மலைகளில் பெரும்பகுதி சீமான்களின் வேட்டைநிலம். உழைப்பாளி கால் வைத்தால் காவலாளிகள் விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் மலையில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1935இல் டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர், பென்னைன் மலைத்தொடர் நெடுக எல்லோருக்கும் ஒரு நடைபாதை வேண்டும் என்று எழுதினார். 13 வயதில் பள்ளியை விட்டுத் துணி அச்சிடும் ஆலைக்கு வேலைக்குப் போனவர் அவர். கட்டுரை எழுதியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகள் மன்றாடினார், வாதாடினார், நடந்தார். 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று, இந்த மால்ஹாம் மேட்டில்தான் பென்னைன் நடைபாதை திறக்கப்பட்டது. நீளம் 400 கிலோமீட்டருக்கும் மேல்!

முப்பது ஆண்டு காத்திருக்க அவரால் முடிந்தது. முப்பது நிமிடம் நடக்க உன்னால் முடியாதா? மலை வேண்டாம், ஏரிக்கரை போதும். குழு இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடு. அவர் வர மறுத்தால் தனியாகப் போ. வருகிற ஞாயிறு விடிவதற்குள் செருப்பை மாட்டு, கதவைத் திற, கிளம்பு!