கிணற்று நீரும் வியாபாரியின் அமானிதமும்

தோட்டத்தோடு கூடிய வீடொன்றை ஒருவர் விற்கிறார். அதில் ஒரு கிணறும் உண்டு. "தண்ணீர் எப்படி?" என்று வாங்குபவர் கேட்கிறார். "எனக்குத் தெரிந்து யாதொரு குறையுமில்லை" என்கிறார் விற்பவர். அந்நீரை அவர் ஒருநாளும் பரிசோதித்ததில்லை. அவர் கூறியது உண்மையா, பொய்யா? கடையில் தேடிய பொருளை நிலத்தில் போடுவதும், நிலத்தை விற்றுக் கடையில் போடுவதும் வழக்கமாயுள்ள நம்மவர் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

யூரியா உரம், கோழி எரு, கழிவறைக் குழி ஆகியவற்றிலிருந்து உண்டாகும் நைட்ரேட் எனும் உப்பு நீரில் எளிதாகக் கரையும். மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பயிர் உண்டது போக எஞ்சியதை மழை கீழே இறக்கி, நாளடைவில் நிலத்தடி நீரில் சேர்த்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், பண்ணைக் கிணற்று நீரில் பால் கலந்து ஊட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததற்கு இந்த நைட்ரேட்டே காரணம் என்று டாக்டர் ஹண்டர் காம்லி 1945-ல் எழுதினார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழப்பதே அந்நோய். ஒரு லிட்டர் நீரில் 50 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருத்தலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அளவு விதித்திருக்கிறது. நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பி வாழும் கிளந்தான் போன்ற இடங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று.

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மவரல்லர் என்று கண்டித்தார்கள். இச்சம்பவத்தை அறியாத வியாபாரி நம்மில் இரார்.

"அந்த வியாபாரிக்கு ஈரம் தெரியும், கிணற்றின் குறை எனக்குத் தெரியாதே!" என்று சிலர் வாதிக்கலாம். விற்கும் டப்பா ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்க எவராலும் இயலாது. ஷரீஅத்தும் அதைக் கேட்கவில்லை. மெய்தான். ஆனால் தெரியாமை இரு வகைப்படும். அறிய வழியில்லாத தெரியாமை ஒன்று; அறிந்தால் விலை குறையுமே என்று கண்ணை மூடிக்கொள்ளும் தெரியாமை மற்றொன்று. உயிருக்குத் தீங்கு வரக்கூடும், சோதிப்பது எளிது, சந்தேகிக்க முகாந்திரமும் உண்டு என்ற மூன்றும் சேருமிடத்தில் பின்னது மறைப்பதற்கு ஒப்பாகும்.

எத்தனை ஆண்டு எவ்வளவு உரம் போட்டோம், கோழிக்கொட்டகை எங்கிருந்தது, கழிவறைக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பவற்றை விற்பவரே அறிவார். வாங்குபவர் பணம் கொடுத்து நீரைச் சோதிக்கலாம். இந்தச் சரித்திரத்தை எங்கே போய் வாங்குவார்? சோதனையும் பெரிய காரியமன்று. சுத்தமான புட்டியில் நீரெடுத்து, குளிர்ச்சியில் வைத்து, தாமதமின்றிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். மண்ணையும் பல ஆழங்களில் எடுத்துப் பார்ப்பது நலம். வேருக்குக் கீழே இன்று தங்கியிருக்கும் நைட்ரேட், பின்னொருநாள் கிணற்றுக்கு வரக்கூடும். ஆகவே, ஒருமுறை நல்ல முடிவு வந்துவிட்டால் அது என்றைக்கும் போதுமென்று எண்ணலாகாது.

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலம் 2001-ல் ஒரு சட்டம் இயற்றியது. சொந்தக் கிணற்று நீரையுடைய வீடு கைமாறுமுன் நைட்ரேட் முதலியவற்றுக்காக நீரைச் சோதித்து, முடிவைப் பார்த்தோம் என்று இருதரப்பாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் கெட்டிருந்தால் விற்கவே கூடாது என்று அச்சட்டம் சொல்லவில்லை. அறிந்து விற்கட்டும், அறிந்து வாங்கட்டும் என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளை, குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கத்திலும் ஆகுமானதே.

சோதிக்க வசதியில்லாதவர் "குறையில்லை" என்று சொல்ல வேண்டாம். "நான் சோதித்துப் பார்க்கவில்லை" என்று சொல்லட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் அமானிதம். முதற்சொல்லை நம்பித் தாய் பால் கலக்குவாள். இரண்டாவதைக் கேட்டவள் சற்று நின்று யோசிப்பாள். விலை சிறிது இறங்கலாம். ஒளிவுமறைவற்ற வியாபாரத்திலேதான் பரக்கத் உண்டு. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதை அருள்வானாக! ஆமீன்.